பொய்த் துப்பாக்கியும் மெய்யான அச்சமும்

1971-ம் வருஷம் ஜனவரி மாதம் 30-ந் தேதி ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட 'கங்கா' என்னும் ஆகாய விமானம் ஜம்முவைச் சென்றடையவில்லை. பிரயாணிகளுள் இருவர் நடுவழியில் எழுந்து நின்று, கைத்துப்பாக்கியையும் எறிகுண்டையும் காட்டி மிரட்டி, விமானியை லாகூருக்குப் போகும்படி செய்துவிட்டனர். பிரயாணிகள் உயிர் பிழைத்துத் திரும்பினார்கள். விமானமோ லாகூர் நிலையத்திலேயே சில தினங்களில் தீக்கிரையாக்கப்பட்டது. இதன் பேரில் இந்திய சர்க்கார், பாகிஸ்தானின் விமானங்கள் நமது நாட்டின் மீது பறக்கலாகாது என்று தடை விதித்தனர். மேற்குப் பாகிஸ்தானிலிருந்து கிழக்கே டாக்காவுக்குச் செல்ல வேண்டிய விமானங்கள் கொழும்பு வழியாகத் தென்கடலைச் சுற்றிப் போக நேர்ந்தது. அவ்வருஷம் டிசம்பரில் யுத்தம் மூளும் வரையில் அந்நாட்டின் படைகளுக்கும் தளவாடங்களுக்கும் அந்தச் சுற்றுவழி எத்தகைய இடைஞ்சலாக இருந்தது என்பதைச் சரித்திரம் படித்தோர் அறிவர். இத்தனைக்கும் ஆதிகாரணமாயிருந்த துப்பாக்கி போலித் துப்பாக்கி. குண்டு மரத்தினால் செய்யப்பட்ட குண்டு.

அடுத்த சம்பவத்தை எழுதும்போது நமக்குச் சிறிது வெட்கமாகவே இருக்கிறது. 1978-ம் வருஷம் டிசம்பர் மாதம் 20-ந் தேதி, லக்னோவிலிருந்து டில்லிக்குச் சென்ற விமானத்தை இரண்டு வாலிபர்கள் பொம்மைத் துப்பாக்கிகளைக் காட்டிக் காசிக்குத் திருப்பினார்கள். அப்போது சிறையிலிருந்த ஸ்ரீமதி இந்திரா காந்தியை விடுதலை செய்ய வேண்டுமென்பது அவர்களுடைய கோரிக்கை. 1980-ல் அவ்விருவரும் ஐக்கிய மாகாணம் என்று முன்னாளில் வழங்கிய உத்தரப் பிரதேசத்தின் சட்டசபைக்கு அங்கத்தினர்களாகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். பொம்மைத் துப்பாக்கியானது நமது நாட்டில் ஒருவரைச் சட்டசபையில் கொண்டுபோய் உட்கார்த்தவும் வல்லது என்பதற்கு இது போதிய சாட்சியம்.

இவ்விரு சம்பவங்களையும் இப்போது எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. தீபாவளிக்குப் பிள்ளைகள் கேட்கும் பொட்டுத் துப்பாக்கியை நாம் அனைவரும் அறிவோம். சிவகாசியில் செய்த கேப்புச் சுருளை மாட்டி, இரண்டு நாள் வீதியெல்லாம் சுட்டுத் தீர்த்து, மூன்றாம் நாள் பரண் மேல் எறியப்படும் அந்தத் தகரச் சாமானைக் கண்டு எந்தப் போலீஸ்காரரும் அஞ்சியதில்லை. ஆனால் இக்காலத்தில் உலகத்துச் சந்தைகளில் விற்பனையாகும் பொருள் வேறு. 'ஏர்சாஃப்ட்' என்று பெயர். வில்சுருளாலோ, அடைத்து வைத்த வாயுவாலோ, மின்கலத்தால் ஓடும் சிறு மோட்டாராலோ, 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் உருண்டையைச் செலுத்தும் யந்திரம் அது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சுடுகிறவன் அறிவான். எதிரே நிற்பவன் அறியான். நிறம், நீளம், கனம், விசையின் சப்தம் யாவும் சிப்பாய் கையிலிருக்கும் மெய்யான ஆயுதத்துக்குச் சமானமாகவே செய்யப்படுகின்றன. கட்சி கட்டிக்கொண்டு வனங்களிலும் பாழடைந்த கட்டடங்களிலும் போலி யுத்தம் நடத்துவதற்கு அதை உபயோகிக்கிறார்கள். கண்ணைக் காத்துக்கொண்டால் பெரிய அபாயம் இல்லாத விளையாட்டுத்தான். இப்படிப்பட்ட பொருளை ஒரு பிரஜை வைத்திருக்கலாமா, கடல் கடந்து தருவிக்கலாமா என்று கேட்டால், நமது சட்டம் நேரான விடை தருவதில்லை. விடை தராத சட்டம் பிரஜைகளின் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பல்ல, அவர்களுடைய உயிருக்கும் பாதுகாப்பல்ல. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விஸ்தாரமாக ஆராய விரும்புகிறோம்.

ஆயுதச் சட்டம் என்ற பெயரைக் கேட்டாலே தேசபக்தர்களுக்கு லார்டு லிட்டனின் ஞாபகம் வரும். இந்திய மொழிப் பத்திரிகைகளை அடக்குவதற்கு ஒரு சட்டமும், இந்தியர் கையிலிருந்த ஆயுதங்களைப் பறிப்பதற்கு ஒரு சட்டமும் அவர் ஒரே வருஷத்தில், அதாவது 1878-ல், செய்தார். வாயையும் கையையும் சேர்த்துக் கட்டினார் என்று சொல்ல வேண்டும். அந்த ஆயுதச் சட்டம் துப்பாக்கியோடு நிற்கவில்லை. வாள், கட்டாரி, ஈட்டி, ஈட்டிமுனை, வில், அம்பு ஆகியவையும் ஆயுதங்களே என்று அதில் எழுதி வைத்தார்கள். இராமபிரானே வனவாசம் புறப்பட்டிருந்தாலும் ஜில்லா அதிகாரியிடம் லைசென்சு வாங்க வேண்டியிருந்திருக்கும். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. இந்த இழிவை நமது தலைவர்கள் மறக்கவில்லை. 1931-ல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை பிரஜைகளின் ஜீவாதார உரிமைகளை வகுத்தபோது, ஒழுங்குகளுக்குட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. சுதந்திரம் வந்த பிறகு இயற்றிய அரசியல் சாசனத்தில் அது இடம்பெறவில்லை என்பதும் உண்மையே. வாங்கிய பிறகு வாக்கை மறப்பது அரசியலில் புதிதன்று.

லிட்டன் சட்டத்தை நீக்கி, அதன் ஸ்தானத்தில் நமது பார்லிமெண்டு 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. அது 1962-ம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் அமுலுக்கு வந்தது. அதன் இரண்டாவது பிரிவில் ஆயுதம் என்றால் என்ன என்ற வியாக்கியானம் இருக்கிறது. தடியும் சாதாரணக் கைக்கோலும் ஆயுதங்கள் அல்ல என்று அது கூறுகிறது, நல்லது. விளையாட்டுச் சாமானாக அல்லாமல் வேறு விதமாக உபயோகிக்க இயலாதனவும், உபயோகமான ஆயுதமாக மாற்ற இயலாதனவும் ஆயுதங்கள் அல்ல என்றும் கூறுகிறது, இதுவும் நல்லதே. பொட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் பிள்ளை இந்த வாசகத்தின் நிழலில் தப்பிவிடுகிறான். ஆனால் அதே பிரிவில் துப்பாக்கிக்குத் தரப்பட்டுள்ள இலக்கணத்தைப் பாருங்கள். வெடிமருந்தின் விசையால் மட்டுமன்றி, வேறு எந்த விதமான சக்தியினாலாயினும் எந்த விதமான பொருளையும் செலுத்தும்படி அமைக்கப்பட்ட ஆயுதம் துப்பாக்கியாகும் என்பது அதன் தாத்பரியம். வேறு சக்தி என்னும்போது காற்றும் அடங்கும், வாயுவும் அடங்கும், வில்சுருளும் அடங்கும். பிளாஸ்டிக் உருண்டையும் ஒரு பொருள்தானே!

இனி 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளுக்கு வருவோம். காற்றுத் துப்பாக்கிகளில் 20 ஜூலுக்கு மேற்பட்ட வேகசக்தி உள்ளவற்றுக்கும், குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கும் லைசென்சு வேண்டுமென்று அவ்விதிகள் விதிக்கின்றன. சக்தியைக் கொண்டு அளப்பது நியாயம். குழலின் அகலத்தைக் கொண்டு அளப்பது என்ன நியாயம்? போலி யுத்தம் ஆடுகிறவர்களின் துப்பாக்கி 6 மில்லிமீட்டர் உருண்டையைச் செலுத்துவது. அதன் குழல் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்திருக்க முடியாது. அதன் வேகசக்தியோ ஒன்று அல்லது இரண்டு ஜூல். இருபது ஜூலுக்குச் சிறிது குறைந்த வேகத்தில் ஈயக்குண்டைச் செலுத்தி, ஒரு காகத்தையோ அணிலையோ கொன்று வீழ்த்தவும், மனிதனுடைய கண்ணை அவிக்கவும் வல்ல காற்றுத் துப்பாக்கியை லைசென்சு இல்லாமல் கடையில் வாங்கலாம். அதில் பத்தில் ஒரு பங்கு சக்திகூட இல்லாத பொருளைத் துறைமுகத்தில் தடுத்து வைத்து, குழல் அகலமாக இருக்கிறது, ஆகையால் லைசென்சு எங்கே என்று ஒரு சுங்க அதிகாரி கேட்பாராகில், எழுத்துக்கு எழுத்து வாசிக்குமிடத்து அவர் கேட்பது தவறு என்று நம்மாலும் வாதிப்பது எளிதன்று.

லைசென்சு இன்றி ஆயுதங்களை நாட்டுக்குள் கொண்டுவரலாகாது என்று மூலச் சட்டத்தின் பத்தாவது பிரிவு தடுக்கிறது. இறக்குமதி செய்கிறவர், ஐயா, இது ஆயுதமன்று, விளையாட்டுச் சாமான் என்று சொல்லித் தப்பலாமா என்றால், அங்கே வேறொரு கதவு அடைபடுகிறது. 2021-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து விளையாட்டுச் சாமான்களுக்கு இந்தியத் தர முத்திரை இன்றியமையாதது என்று சர்க்கார் விதித்தனர். விளையாட்டுச் சாமான் மீதான சுங்க வரியையும் 2020-ல் நூற்றுக்கு 20-லிருந்து 60-ஆக உயர்த்தினர். சுதேசிக் கைத்தொழிலை வளர்க்கும் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. சென்னப்பட்டணத்து மரப்பொம்மைக்காரனும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்காரனும் நன்றாகப் பிழைக்கட்டும். ஆனால் அந்த முத்திரை விதி பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் சாமான்களைக் குறித்தது. வயது வந்த ஆண்மக்கள் வனத்தில் ஆடும் ஆட்டத்துக்குரிய பொருள் அதற்குள் அடங்குமா? அடங்காது என்றால் அது பொம்மையன்று; பொம்மையன்று என்றால் அது ஆயுதம்; ஆயுதம் என்றால் லைசென்சு. இவ்வண்ணம் ஒரு கச்சேரி மற்றொரு கச்சேரியைக் காட்ட, பிரஜை நடுவில் நிற்க வேண்டியதாகிறது.

இதெல்லாம் வைத்திருப்பவனுடைய கஷ்டம். எதிரே நிற்பவனுடைய கஷ்டம் இதனினும் பெரிது. மூலச் சட்டத்தின் ஆறாவது பிரிவில் போலித் துப்பாக்கி என்ற சொல் வருகிறது. குண்டைச் செலுத்த வல்லதாயினும் அல்லாததாயினும் துப்பாக்கியின் தோற்றமுடைய எந்தப் பொருளும் போலித் துப்பாக்கியே என்று அழகான இலக்கணமும் அங்கே கூறப்பட்டிருக்கிறது. ஆனால் போலியைப் பொறுத்தமட்டில் அந்தப் பிரிவு தடுப்பது ஒரே ஒரு காரியத்தை: போலியை மெய்யான துப்பாக்கியாக மாற்றுவதை. போலியைப் போலியாகவே வைத்துக்கொண்டு, அதைக் காட்டி ஒருவனை நடுநடுங்கச் செய்தால், அதற்கென்று அச்சட்டத்தில் தனியான குற்றம் இல்லை. போலியைக் காட்டிப் பணத்தைப் பறித்தால் அது கொள்ளைதான். அச்சத்தை விளைவித்துப் பறிப்பதே கொள்ளை என்ற இலக்கணம் போதும். ஆனால் மரணம் விளைவிக்கத்தக்க ஆயுதத்தை உபயோகித்துக் கொள்ளையிட்டவனுக்கு ஏழு வருஷத்துக்குக் குறையாத தண்டனை என்று பழைய பீனல் கோடில் 397-வது பிரிவாக இருந்து, இப்போதைய நியாய சம்ஹிதையில் 311-வது பிரிவாக வழங்கும் ஷரத்து இருக்கிறதே, அதில் அவன் சிக்குவது துர்லபம். பொம்மை மரணம் விளைவிக்காது அல்லவா? இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மெய்யான துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருகிறவனுக்கும் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வருகிறவனுக்கும் ஒரே தண்டனை என்றால், பொம்மையை விட்டு மெய்யானதையே எடுத்து வா என்று திருடனுக்கு யோசனை சொல்வது போலாகும். ஆகையால் வித்தியாசம் இருப்பது நியாயமே. ஆனால் வித்தியாசம் இருப்பது வேறு, அந்த அச்சத்துக்கென்று சட்டத்தில் தனியே இடமே இல்லாதிருப்பது வேறு. ஆகாய விமானங்களைப் பொறுத்தமட்டில் இந்தக் குறை தீர்ந்துவிட்டது. 2016-ல் இயற்றிய விமானக் கடத்தல் தடுப்புச் சட்டம் பலாத்காரத்தை மட்டும் பாராமல், மிரட்டலையும் பார்க்கிறது. 'கங்கா'வைக் கொண்டுபோனவர்கள் கையிலிருந்தது மரமா இரும்பா என்று இப்போது ஒரு நீதிபதி கேட்க வேண்டுவதில்லை. ஆகாயத்தில் பறக்கிறவனுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு பூமியில் நடக்கிறவனுக்கு ஏன் கூடாது?

நம்மைக் கற்பித்த குருநாடாகிய இங்கிலாந்து இவ்விஷயத்தில் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். இந்தியனிடமிருந்து அம்பைப் பறித்தவர்களின் சந்ததியார், 2006-ல் தங்கள் சொந்த ஜனங்களிடமிருந்து பொம்மைத் துப்பாக்கியைப் பறிக்கச் சட்டம் செய்தார்கள் என்றால் வாசகர்கள் நகைப்பார்கள். ஆனால் அது நகைக்கத்தக்க விஷயமன்று. 2007-ம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதி தொடங்கி, மெய்யான துப்பாக்கியினின்றும் பிரித்தறிய முடியாத போலியைச் செய்வதும், விற்பதும், பிரிட்டனுக்குள் கொண்டுவருவதும் குற்றம். வீட்டில் வைத்திருப்பது குற்றமன்று. அப்படியானால் எது பிரித்தறியத்தக்க போலி? அதற்கும் விதி இருக்கிறது. உள்ளே தெரியும்படி கண்ணாடி போல இருக்க வேண்டும். இல்லாவிடில் பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் ஆகிய நிறங்களுள் ஒன்று அதன் பிரதான நிறமாக இருக்க வேண்டும். உயரத்தில் 38 மில்லிமீட்டருக்கும் நீளத்தில் 70 மில்லிமீட்டருக்கும் குறைந்ததாயின் எந்த நிறமானாலும் பாதகமில்லை. 1870-க்கு முற்பட்ட மாதிரியில் செய்த போலிக்கும் விலக்கு உண்டு. திருவாங்கூர்ச் சிப்பாய்கள் தோளில் சுமந்த மாதிரியான பழந்துப்பாக்கியைக் காட்டி லண்டனில் எவனும் கொள்ளையிடமாட்டான் என்ற நம்பிக்கை போலும். பொருட்காட்சிச் சாலை, நாடகம், சினிமா, பழைய போர்களை நடித்துக் காட்டும் சங்கங்கள், ராஜாங்க ஊழியர்கள் ஆகியோருக்கும் விலக்கு. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு எந்தப் போலித் துப்பாக்கியையும் விற்கலாகாது.

போலி யுத்தம் ஆடுகிறவர்கள் இதனால் நசித்துப்போனார்களோ என்றால் இல்லை. மூன்றாவது நபர்களுக்கு நேரக்கூடிய தீங்குக்கு இன்ஷூரன்சு செய்துகொண்ட மைதானங்களில் ஆடுகிறவர்களுக்கென்று ஒரு விலக்கை மந்திரி சபையார் விதிகளில் சேர்த்தனர். அதைக் கொண்டு வியாபாரிகளின் சங்கம் ஒரு பதிவேடு ஏற்படுத்திக்கொண்டது. ஐம்பத்தாறு நாட்களுக்குக் குறையாத காலத்தில் மூன்று முறையாவது ஒரு மைதானத்தில் ஆடியவனுடைய பெயரே அதில் ஏறும். போலீஸ் கச்சேரிக்குப் போக வேண்டுவதில்லை, கலெக்டருக்கு மனுப் போட வேண்டுவதில்லை. விற்கிறவனே விசாரித்து விற்கிறான். பின்னர் 2017-ல், எத்தனை சக்தி வரையில் விளையாட்டு, எதற்கு மேல் துப்பாக்கி என்பதையும் எண்களால் வரையறுத்துவிட்டார்கள். தொடர்ந்து சுடவல்லதற்கு 1.3 ஜூல், மற்றவற்றுக்கு 2.5 ஜூல், உருண்டை 8 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. ஆங்கிலேயரிடம் நமக்கு எத்தனையோ மனத்தாங்கல் இருக்கலாம். ஆனால் அளவைச் சட்டத்தில் எழுதி, அதற்குள் பிரஜையைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடும் இந்த முறையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் நிறத்தைக் குறித்த அவர்களுடைய விதியை நாம் அவ்வளவாகப் பாராட்டமாட்டோம். அச்சட்டத்தின் பாரம் முழுவதையும் தாங்குவது அதற்கு முன்னமேயே இருந்த வேறு ஷரத்துக்கள்தாம் என்பது நமது அபிப்பிராயம். 1968-ம் வருஷத்துத் துப்பாக்கிச் சட்டத்தில், பிறரை அச்சுறுத்தும் எண்ணத்தோடு போலித் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குப் பத்து வருஷம் வரையில் சிறை. போலியைக் காட்டிக் கைதாவதைத் தடுப்பவனுக்கு ஆயுள் வரையில் சிறை. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதும் குற்றம். இவை பொருளைத் தண்டிக்கவில்லை. அதைக் கொண்டு செய்யும் காரியத்தைத் தண்டிக்கின்றன. இந்தச் சட்டத்தின் மீது பிரபுக்கள் சபைக்குச் சென்ற ஒரு ருசிகரமான அப்பீல் உண்டு. ஒருவன் விடியற்காலத்தில் தன் பழைய எஜமானர் வீட்டுக்குள் புகுந்து, சட்டைக்குள் கையை விட்டு விரலை நீட்டிக்கொண்டு, துப்பாக்கி இருப்பதாகப் பாவனை செய்து பணம் கேட்டான். போலித் துப்பாக்கி வைத்திருந்தான் என்று கீழ்க்கோர்ட்டார் தண்டித்தனர். 2005-ல் லார்டு பிங்ஹாம் முதலான நீதிபதிகள் அந்தத் தண்டனையை ரத்து செய்தார்கள். மனிதனுடைய விரல் அவனுடைய அங்கம். தன் அங்கத்தையே ஒருவன் ஒரு பொருளாக வைத்திருக்கிறான் என்று சொல்வது பொருந்தாது என்பது அவர்கள் தீர்ப்பின் சாரம். கொள்ளைக் குற்றம் அவன் தலைமேலேயே இருந்தது. சட்டக் கலாசாலை மாணாக்கர்கள் இந்தத் தீர்ப்பை அவசியம் படிக்க வேண்டும், சிரிப்பதற்காக மட்டுமன்று.

நிறத்தை நம்பலாகாது என்பதற்கு இரண்டு மரணங்கள் சான்று. லண்டன் நகரில் 1999-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், பழுதுபார்த்த மேஜைக்கால் ஒன்றைப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீடு திரும்பிய ஒருவரை ஆயுதம் தாங்கிய போலீசார் வீதியிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவர் ஸ்காத்லாந்துக்காரர். அவருடைய பேச்சைக் கேட்ட எவரோ, ஐரிஷ்காரன் ஒருவன் துப்பாக்கியோடு போகிறான் என்று டெலிபோன் செய்துவிட்டார். அதற்காகப் பின்னர் எவரும் தண்டனை அடையவில்லை. மேஜைக்காலுக்கு எந்த நிறம் பூசச் சொல்வது?

மற்றொன்று அமெரிக்காவில் நடந்தது. போலித் துப்பாக்கியின் வாயில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற அடைப்பு இருக்க வேண்டுமென்று அந்நாட்டு மத்திய சட்டம் 1988-லேயே விதித்துவிட்டது. ஆனால் 2014-ம் வருஷம் நவம்பர் மாதம் 22-ந் தேதி, கிளீவ்லாந்து நகரத்துப் பூங்காவொன்றில் பன்னிரண்டு வயதுப் பாலகன் ஒருவன் வைத்திருந்த ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கியில் அந்த அடைப்பு இல்லை. கண்டவர் ஒருவர் போலீசுக்குச் சொன்னார். அது அநேகமாகப் போலியாக இருக்கலாம், வைத்திருப்பவன் சிறுவனாக இருக்கலாம் என்றும் சேர்த்தே சொன்னார். அந்தச் சொல் மட்டும் போலீஸ் வண்டிக்குப் போய்ச் சேரவில்லை. வண்டி வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் குண்டு பாய்ந்தது. பையன் மறுநாள் மாண்டான். அவன் கறுப்பு இனத்துக் குழந்தை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சுட்டவர் மீது வழக்குத் தொடர வேண்டுவதில்லை என்று ஜூரிகள் தீர்மானித்தனர். குடும்பத்தாருக்கு அறுபது லட்சம் டாலர் கொடுக்க நகரசபை சம்மதித்தது. அடைப்பு இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு விநாடிக்குள் எவர் கண்ணுக்கு எந்த நிறம் தெரியும் என்று கேட்க வேண்டியதாயிருக்கிறது. ஆரஞ்சு நிறத்தை மெய்யான துப்பாக்கியின் நுனியில் பூசிக்கொள்ள ஒரு கொலைகாரனுக்கு எத்தனை காசு செலவாகும் என்றும் கேட்க வேண்டியதாயிருக்கிறது.

இந்த விளையாட்டு பிறந்த தேசம் ஜப்பான். 1945-ல் தோற்ற பிறகு ஜனங்களிடமிருந்த ஆயுதங்களைக் களைந்துவிட்ட நாடு அது. மெய்யானதைத் தொட முடியாதவர்கள் போலியில் ஆசை வைத்தனர். அதைச் செய்வதிலும் அபாரமான திறமை காட்டினர். 1971-ல் உலோகத்தால் செய்த போலிக் கைத்துப்பாக்கிகளுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் வர்ணம் பூசி, குழலையும் அடைத்துவிட வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். உருண்டை செலுத்தும் வகைக்கு 2006-ல் எல்லை வகுத்தார்கள்: 0.98 ஜூல். நமது விதிகள் காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்சு இன்றி அனுமதிக்கும் சக்தியில் இது இருபதில் ஒரு பங்கு. அதற்குள் இருக்கும் மட்டும் ஜப்பானியன் தன் போலித் துப்பாக்கியை எவரையும் கேளாமல் வாங்கலாம்.

போலியை மெய்யாக மாற்றும் அபாயத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. வெற்றுத் தோட்டா வெடிக்கும் துருக்கித் துப்பாக்கிகளில் சில மாதிரிகள் எளிதில் மாற்றத்தக்கவை என்று கண்டு, 2025-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் பிரிட்டிஷ் போலீசார் அவற்றைத் திருப்பித் தந்துவிடும்படி ஜனங்களுக்குத் தவணை கொடுத்தார்கள். வெடிமருந்தின் வேகத்தைத் தாங்கும்படி செய்த அந்த ரகம் வேறு, பிளாஸ்டிக் உருண்டையை விடும் ரகம் வேறு. நமது ஆறாவது பிரிவு முன்னதற்குப் போதுமானது. அதைச் செவ்வையாக நடத்தினால் சரி. மேலும், மூங்கேர் முதலான இடங்களில் கள்ளத்தனமாக வார்க்கும் நாட்டுத் துப்பாக்கிகள் மலிந்து கிடக்கும் தேசத்தில், பொம்மையைக் குடைந்து துளையிட எவன் சிரமப்படுவான்?

ஆகையால் ஆங்கிலேயச் சட்டத்தை அப்படியே பெயர்த்து நட்டுவிட வேண்டுமென்று கூறுவோருடன் நாம் சேரமாட்டோம். நிறத்தையும் நீளத்தையும் அளந்து பார்க்கும் அதிகாரத்தை நமது கீழ்நிலை உத்தியோகஸ்தர்கள் கையில் கொடுத்தால், தீபாவளிக் கடைக்காரனுக்கு அது புதிய மாமூலாக முடியும் என்பதில் சந்தேகமில்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கவை இரண்டே. ஒன்று, போலித் துப்பாக்கியைக் காட்டி ஒருவனை அச்சுறுத்துவதும், அதைக் காட்டிப் போலீசாரை எதிர்ப்பதும் ஆயுதச் சட்டத்திலேயே தனிக் குற்றங்களாக வேண்டும். தண்டனை மெய்யான துப்பாக்கிக்கு உள்ளதைவிடக் குறைந்திருக்கலாம், ஆனால் அற்பமாக இருக்கலாகாது. இதற்குப் பார்லிமெண்டின் திருத்த மசோதா வேண்டும். ஆறாவது பிரிவிலுள்ள இலக்கணம் ஆயத்தமாக இருப்பதால் மசோதா அரைப்பக்கத்துக்கு மேல் போகாது.

மற்றொன்றுக்குப் பார்லிமெண்டு கூட வேண்டுவதில்லை. மூலச் சட்டத்தின் 44-வது பிரிவு விதிகள் செய்யும் அதிகாரத்தை மத்திய சர்க்காருக்கே அளித்திருக்கிறது. பிளாஸ்டிக் உருண்டை செலுத்தும் துப்பாக்கிக்குக் குழலின் அகலத்தைக் கணக்கிடாமல், ஒரு ஜூலோ இரண்டு ஜூலோ, ஒரு சக்தி எல்லையை மட்டும் வரையறுத்து, அதற்குட்பட்டதை வயது வந்தவர்களுக்கு மட்டும் விற்கலாம், வாங்குகிறவர் பெயரைக் கடைக்காரர் எழுதி வைக்க வேண்டும் என்று கெஜட்டில் ஓர் அறிவிப்புப் பிரசுரித்தால் போதும். காற்றுத் துப்பாக்கி விற்கும் கடைகளில் இத்தகைய பதிவு இப்போதே நடந்து வருகிறது. உள்நாட்டு இலாகாவார் இதைச் செய்ய எத்தனை மாதம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை நாம் கவனித்து எழுதுவோம்.